சிறைவாசலில் யார் காத்திருக்கிறார்?

குடிபோதை வழக்கில் காலாப்பட்டுச் சிறைக்குப் போன பிள்ளையின் பெயரை மஹல்லாவில் சொல்லவும் நாம் கூசுகிறோம். “குடிகாரனுக்கு இதுவும் வேண்டும்” என்கிறோம்.

நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் நடுக்கம், வலிப்பு, பிரமை வரலாம், உயிரும் போகலாம். சிறைக்குள் நுழையும்போதே மருத்துவர் விசாரித்தறியாவிட்டால் அது நடிப்பாகவே கொள்ளப்படும். பெங்களூரு மத்தியச் சிறையில் 5,024 பேரை ஆராய்ந்த நிம்ஹான்ஸ் மருத்துவர்கள், ஏறத்தாழ 80 விழுக்காட்டினரிடம் மனநோயோ போதைப் பிரச்சினையோ இருக்கக் கண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், ஒவ்வொரு யூனியன் பிரதேசத்திலும் ஒரு சிறையிலேனும் மனநலப் பிரிவு வேண்டும் என்கிறது. வாக்குக் கேட்டு வருவோரிடம் இதை என்றேனும் கேட்டோமா?

குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவரைச் சிலர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது ஷைத்தானுக்குச் செய்யும் உதவி என்றார்கள். நாமோ விடுதலையாகி வருபவருக்கு வேலை தருவதில்லை, வாடகைக்கு வீடு தருவதில்லை. தொழுகை வரிசையில்கூடச் சற்று விலகியே நிற்கிறோம். அவரை வாஞ்சையோடு அழைப்பவன் பழைய கூட்டாளி ஒருவனே. கரையாம்புத்தூரில் மதுக்கடைக்கு வழி சொல்லவா வேண்டும்!

ஜமாஅத் நிர்வாகிகளே, விடுதலை நாளன்று நம்மில் இருவர் சிறைவாசலுக்குச் செல்வோம். அங்கிருந்தே ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போவோம். மருந்துச் செலவை பைத்துல்மால் ஏற்கட்டும்.