காட்டு நெல்லியைக் காக்கப் பளியரை அழையுங்கள்

சங்கரன்கோவில் பக்கம் கிலோக் கணக்கில் விற்கும் பெருநெல்லி, ஒட்டுக்கட்டிய தோட்டத்து மரங்களில் காய்ப்பது. என்.ஏ.7, பி.எஸ்.ஆர்.1 என்று அதில் ரகங்கள் உண்டு. மேற்கே மலையில் விளையும் காட்டு நெல்லியோ கோலிக்குண்டு பருமன். நார் அதிகம், துவர்ப்பு தூக்கல். தோட்டத்து நெல்லிதான் தாராளமாகக் கிடைக்கிறதே, காட்டு மரம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒட்டுக்கன்றின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு ரகத்தின் மரங்களெல்லாம் ஒரே தாய்மரத்தின் நகல்கள். வேர்ப்பகுதி மட்டும்தான் விதையில் முளைத்த நெல்லி. புதிய நோயோ கடும் வறட்சியோ வந்தால், அதைத் தாங்கும் குணத்தைத் தேடி மறுபடியும் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

காட்டில் விதைப்பு வேலை மானுடையது. பழத்தை விழுங்கிவிட்டு, பிறகு படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடுகிறது. முதுமலையில் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். துப்பிய கொட்டை காய்ந்து வெடிக்க, உள்ளிருக்கும் விதைகள் தெறிக்கின்றன. அவை முளைக்க வேண்டிய இடத்தை உன்னிச்செடி அடைத்துக்கொண்டால் மான் பட்ட பாடெல்லாம் வீண்.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில், பெங்களூருவின் ஏட்ரீ நிறுவனம் சோலிகர் பழங்குடியினரோடு சேர்ந்து பல ஆண்டுகள் நெல்லி மரங்களைக் கவனித்து வந்தது. உன்னிச்செடியும், கிளையில் வேர்விட்டுச் சாறு உறிஞ்சும் புல்லுருவியும் அங்கே பெருங்கேடு. தீயை அடியோடு தடுத்ததால்தான் புல்லுருவி பெருகியது என்பது சோலிகர் சொல்வது. அனுபவத்தில் வந்த அந்தப் பேச்சை ஆய்வாளர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். 2011இல் வன உரிமைச் சட்டப்படி சோலிகருக்குச் சமூக உரிமையும் கிடைத்தது.

ஒரு காட்டுச் செடி எவ்வளவு அருகிப்போகலாம் என்பதற்கு இத்தாலியின் சார்டீனியா தீவு சாட்சி. ரைபீஸ் சார்டோவம் என்னும் காட்டுப் புதர், கூஸ்பெரிக்கு உறவானது, ஒலியேனா ஊருக்கு மேலுள்ள ஒரே சுண்ணாம்பு மலையில் மிஞ்சி நிற்கிறது. நம் நெல்லிக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. ஆகவே வேலையும் எளிது.

தென்காசி மாவட்ட மலையடிவாரத்தில் பளியர் வாழ்கிறார்கள். எந்த மரம் காய்க்கிறது, எது பட்டுப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். வனத்துறை அவர்களைக் கூலிக்கு அழைப்பதோடு நிற்காமல் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும். கிளையை வெட்டாமல் காய் பறிக்கவும், புல்லுருவியை அகற்றவும், காட்டு விதையில் நாற்றங்கால் போடவும் அவர்களுக்கு உரிய ஊதியம் தரவேண்டும். வரும் நெல்லிப் பருவத்திலேயே இதைத் தொடங்கலாம்.