குளியலறைத் தரைக்கு ஒட்டு டைல்ஸ் வேண்டாம், பிள்ளைகளே



பின்பக்கத் தாளை உரித்து அப்படியே தரையில் ஒட்டுகிற வினைல் டைல்ஸ் வீடியோ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் குடும்பக் குழுவிலேயே மூன்று பேர் பகிர்ந்துவிட்டீர்கள். "டீச்சர், ஊர்ல அம்மா பாத்ரூமுக்கு வாங்கி அனுப்பட்டுமா?" என்று பழைய மாணவர்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கிக்கொள்ளலாம், பெஞ்சு மேல் ஏற்ற மாட்டேன்.

என் கருத்து இதுதான். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கிற நம் ஊர்க் குளியலறைத் தரைக்கு இந்த டைல்ஸ் ஆகாது. வயதானவர்கள் புழங்கும் குளியலறை என்றால் ஆகவே ஆகாது. பொருளை மட்டம் என்று சொல்ல மாட்டேன். அது பிறந்த இடம் வேறு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொட்டிக்குள் அல்லது கண்ணாடித் தடுப்புக்குள் நின்று குளிப்பார்கள். வெளியே உள்ள தரை காய்ந்தே கிடக்கும். பல வீடுகளில் அந்தத் தரையில் தண்ணீர் போக ஓட்டையே இருக்காது. அங்கே போய்வந்த நம் உறவுகளுக்கு இது தெரியும், முதல் நாள் தரையைக் கழுவப் பார்த்து மகளிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். நமக்கோ தரையேதான் தொட்டி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஐந்தடிக்கு நாலடிக் குளியலறை. ஓரடிச் சதுர டைல் 20 வேண்டும். டைலும் டைலும் சேரும் கோடுகளைக் கூட்டுங்கள். நாலடி நீளத்தில் 4 கோடு, ஐந்தடி நீளத்தில் 3 கோடு. 16-ம் 15-ம் 31 அடி. சுவர் ஓரம் சுற்றி 18 அடி. ஆக மொத்தம் 49 அடி நீளத்துக்கு இடுக்கு இருக்கிறது. கழிப்பறைக் கோப்பையைச் சுற்றி வெட்டுவதை நான் சேர்க்கவே இல்லை. தினம் இரண்டு பேர் குளித்தாலும் இந்த 49 அடி மேலும் சோப்புத் தண்ணீர் ஓடும்.

அட்டைப் பெட்டியில் 'வாட்டர் புரூஃப்' என்று போட்டிருக்குமே என்பீர்கள். பொய் இல்லை. வினைல் என்பது பிவிசி, அதற்குள் தண்ணீர் புகாது. ஆனால் இடுக்கு வழியாக அடியில் போன தண்ணீர் மேலே ஆவியாகிப் போகவும் அதே வினைல் விடாது. அடியிலேயே தங்கும். விரலில் போட்ட பிளாஸ்திரி இரண்டு குளியலுக்குப் பிறகு என்ன ஆகிறது? நடுவில் ஒட்டியிருக்கும், ஓரம் கிளம்பும், உள்ளே வெளுத்துப் போய் ஒரு வாடை வரும். இங்கேயும் அதேதான். பீங்கான் டைல்ஸின் இடுக்கிலும் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். ஆனால் அதைப் பிடித்திருப்பது சிமெண்ட். ஈரத்தில் அது பசையைப் போல விட்டுக்கொடுக்காது.

இன்னொன்று, தரையின் வாட்டம். கொத்தனார் தண்ணீர் ஓட்டையை நோக்கி நாலு பக்கமும் சரித்து விட்டிருப்பார். அந்தச் சரிவுகள் கூடும் இடத்தில் தட்டையான டைல் முழுசாகப் படியாது. அதனால் ஓட்டைக்குப் பக்கத்து மூலைதான் முதலில் தூக்கும். தண்ணீர் அதிகம் சேருவதும் அங்கேதான்.

என் சித்திக்கு 74 வயது. ஊரில் தனியாக இருக்கிறார். போன வருடம் மகன் பெங்களூரிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்து தன் கையாலேயே இந்த டைல்ஸை ஒட்டிவிட்டுப் போனான். பளிங்கு மாதிரி அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் நான் போனபோது குளியலறை மூலையில் அம்மிக் குழவி இருந்தது. "இது எதுக்கு சித்தி இங்க?" என்றேன். தூக்கிய மூலையை அமுக்கி வைக்க. அதற்கு முன்னால் ஒரு நாள் கால் கட்டைவிரல் அதில் சிக்கி, குழாயைப் பிடித்துத் தப்பியிருக்கிறார். மகன் போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்குப்பா" என்றுதான் பதில். "புள்ள முட்டி போட்டு ஒட்டிட்டுப் போனான்டி, அவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

எனக்கு டைல்ஸைவிட இந்தப் பதில்தான் பயமாக இருக்கிறது. நீங்கள் ஆசையாக அனுப்பும் எதையும் பெற்றவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஊருக்கு வரும்போது செருப்பில்லாமல், ஈரத் தரையில், நீங்களே நடந்து பாருங்கள்.

செலவு செய்யத்தான் போகிறீர்கள் என்றால் வழுக்காத, சொரசொரப்பான பீங்கான் டைல்ஸைக் கொத்தனாரை வைத்துப் போடுங்கள். பழைய தரை உறுதியாக இருந்தால் அதன் மேலேயே டைல் பசை போட்டுப் பதிக்கலாம். உயரம் கூடுமே, கதவு திறக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக் கம்பியைத் துளை போட்டு, திருகாணி முடுக்கி மாட்டுங்கள். சுவரில் உறிஞ்சி ஒட்டும் ரகத்தை நம்பி ஆள் தொங்க முடியாது. உப்புத் தண்ணீர்க் கறையை மறைக்கத்தான் டைல்ஸ் என்றால் கறையைத் தேய்த்து எடுக்கப் பாருங்கள். அடிக்கடி ஆசிட் ஊற்றினால் இடுக்குச் சிமெண்ட்டை அது தின்றுவிடும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்து விடாதீர்கள். குளோரின் வாயு வரும். எட்டாம் வகுப்பில் சொன்னதுதான்.

ஒட்டு டைல்ஸை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் காய்ந்த இடத்தில் போடுங்கள். பெட்டியைப் பிரித்து அந்த அறையிலேயே இரண்டு நாள் வையுங்கள். தரையில் எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, ஈரம் இருக்கக் கூடாது. சிமெண்ட் தரை என்றால் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். தாளை உரிக்காமல் நடுவிலிருந்து ஒரு முறை அடுக்கிப் பாருங்கள், சுவர் ஓரத்தில் இரண்டு விரல் அகலத் துண்டு வராமல் இருக்கும். ஒட்டியபின் சப்பாத்திக் கட்டையால் நன்றாக அழுத்தி உருட்டுங்கள்.

சித்தி வீட்டில் மிஞ்சிய ஆறு டைலைச் சமையலறை அலமாரித் தட்டில் ஒட்டிக் கொடுத்தேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது. மகனிடம் நானே பேசிவிட்டேன். பொங்கலுக்கு வரும்போது கொத்தனாரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். குழவி அம்மிக்குத் திரும்பிவிட்டது.