பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடணுமா, உள்ளே இருக்கும் மென்பொருளை மட்டும் மாற்றினால் போதுமா?

தென்கிழக்கு ரயில்வே தலைமையகத்திலோ, ஜிஆர்எஸ்இ கப்பல் தளத்திலோ வேலை கிடைத்து கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் குடியேறியவரா நீங்கள்? போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெயர்களெல்லாம் வரிசைகட்டி நிற்கும். அவற்றை விடுங்க. உங்க ரவுட்டருக்குக் கடைசியாக அப்டேட் வந்தது எப்போது?

2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றித்தான் எச்சரித்தது. லிங்க்சிஸ் இ1200, இ2500 போன்ற, நிறுவனமே கைவிட்ட பழைய ரவுட்டர்களுக்குள் மால்வேரைப் புகுத்தி, அந்த வீட்டு இணைப்புகளைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். திருட்டு எங்கேயோ நடக்கும், ஐபி முகவரி உங்க வீட்டைக் காட்டும். நமக்கும் இது புதுசு இல்லை. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கியதற்குக் காரணம், யாரும் மாற்றாமல் விட்ட ‘அட்மின்’ பாஸ்வேர்டு.

புது ரவுட்டர் வாங்குங்கள் என்பதுதான் எஃப்பிஐயின் முதல் அறிவுரை. இன்னொரு வழி ஓபன்டபிள்யூஆர்டி. லினக்ஸ் அடிப்படையிலான இலவச ஃபர்ம்வேர் இது. இதன் கதையும் லிங்க்சிஸிடமிருந்துதான் தொடங்குகிறது என்பது வேடிக்கை. டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-ல் ஆர்வலர்கள் கண்டுபிடிக்க, ஜிபிஎல் உரிமத்தின்படி மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. நிறுவனம் கைவிட்ட பிறகும் பல மாடல்களுக்கு இதில் பாதுகாப்பு அப்டேட் வருகிறது.

உங்க ரவுட்டரில் ஓடுமா?

ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி என்றால் அதைத் தொடாதீங்க. ஒளி இழை இணைப்பே அதை நம்பித்தான் இருக்கிறது, பெரும்பாலும் அது உங்கள் சொத்தும் இல்லை. அதற்குப் பின்னால் சொந்த ரவுட்டரை மாட்டி, அதில் செய்யலாம்.

அடுத்து, பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்க. மாடல் பெயர் மட்டும் போதாது, வெர்ஷன் எண்ணும் வேண்டும். டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் வெர்ஷன் 13-ல் 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம். அதுக்கு அடுத்து வந்த வெர்ஷன் 14-ல் இரண்டும் பாதிதான்! 4 எம்பி, 32 எம்பி ரவுட்டருக்கு இன்றைய ஓபன்டபிள்யூஆர்டி கிடையாது. பிராட்காம் வைஃபை சிப் என்றாலும் யோசிக்கணும், அதற்கான ஆதரவு மிகக் குறைவு. இப்படிப்பட்ட ரவுட்டருக்கு ஓய்வு கொடுப்பதே சரி.

பொருந்தினால், சரியான ‘ஃபேக்டரி’ ஃபைலை இறக்கி, செக்சம் ஒப்பிட்டு, கேபிள் வழியாக ஏற்றுங்கள். வைஃபை வழியாக வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் ரவுட்டர் செங்கல்லாகிவிடலாம், அதனால் யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டுங்க. மீட்கும் வழியையும் முன்கூட்டியே படித்து வையுங்கள். காலையில் ஆபீஸ் மீட்டிங் இருக்கு, வீட்டில் ஒரே ரவுட்டர்தான் என்றால் இதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்க.

முதல் தடவை ஆன் செய்ததும் வைஃபை வராது. பயப்படாதீங்க, பெரும்பாலான மாடல்களில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். பாஸ்வேர்டும் இருக்காது. கேபிளை மாட்டி 192.168.1.1-க்குப் போய் முதலில் பாஸ்வேர்டு போடுங்க, நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்க, அப்புறம் வைஃபையை ஆன் செய்யலாம்.