கடலைத் தாண்டியும் கொடை சேர வேண்டும்: உடற்கொடை பற்றித் தீவக மக்களின் கோரிக்கைச் சாசனம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கும், வட மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும், நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகங்களுக்கும் தீவக மக்கள் முன்வைப்பது:

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1978இல் காலமானார். கண்களையும் உடலையும் கொடையாக்கி, எலும்புக்கூடு கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி விஞ்ஞான கூடத்துக்கு என்றும் சொல்லி வைத்திருந்தார். யாழ்ப்பாண மருத்துவ பீடம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அவரைப் போலக் கொடுக்க நினைக்கும் தீவகத்தாருக்கும் அந்தப் பீடத்துக்கும் நடுவில் கடல் கிடக்கிறது.

நெடுந்தீவில் இரவு ஒருவர் கண்மூடினால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டி யாழ்ப்பாணம். சோளகக் காற்று எழும்பினால் அதுவும் நிச்சயமில்லை. விழிவெண்படலத்தையோ ஆறு மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஆகவே கொடையுடலுக்குப் படகும் கரையில் வாகனமும் அரச செலவில் வேண்டும். கண்ணை எடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் நெடுந்தீவு வைத்தியசாலையிலேயே இருக்க வேண்டும்.

படிவத்தில் கையொப்பமிட்டாலே உடல் ஏற்கப்படும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் பிரேத பரிசோதனை வரும். வெட்டித் தைத்த உடல் உடற்கூற்றியல் படிப்புக்கு உதவாது. சில தொற்றுநோய்கள் இருந்தாலும், உடல் பழுதாகத் தொடங்கினாலும் மறுப்பார்கள். பெட்டியோடு வாசலில் போய் நிற்கும்போதா இதைக் கேள்விப்படுவது? மறுக்கும் காரணங்கள், வேண்டிய பத்திரங்கள், இரவிலும் எடுக்கக்கூடிய தொலைபேசி இலக்கம் எல்லாம் தெளிந்த தமிழில் ஒவ்வொரு கிராம அலுவலரிடமும் இருக்க வேண்டும். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றியலைத் தமிழில் அச்சிட்டார். இன்று இந்த விவரங்களைத் தமிழில் எழுதுவது கடினமான வேலை அல்ல.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வரும்வரை உடலை மலர்ச்சாலையில் நாட்கணக்காக வைத்திருப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. உடற்கொடை அவ்வளவு பொறுக்காது. மலர்ச்சாலையில் மருந்தேற்றிய உடலை ஏற்பீர்களா, எத்தனை மணித்தியாலம் பொறுப்பீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள். கையொப்பமிடும் நாளிலேயே பிள்ளைகளுக்கும் விளக்குங்கள். உடலை ஒப்படைக்கப் போவது அவர்கள்தான். செத்தவீட்டு நேரத்தில் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து மறுத்தாலும் காரியம் நின்றுவிடும்.

அம்மாமார் கேட்பது வேறு. எலும்பும் சாம்பலும் எடுக்கும் காடாத்து இல்லாவிட்டால் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு எதைக் கொண்டுபோவது? ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் குடும்பம் சேமக்காலையில் எந்த இடத்தில் மெழுகுதிரி கொளுத்துவது? இவை சின்னக் கேள்விகள் அல்ல. படிப்பு முடிந்ததும் குடும்பத்துக்கு அறிவித்து, கேட்பவர்களுக்கு எச்சங்களைத் திருப்பித் தாருங்கள். மற்றவர்களுக்கு, தகனமோ அடக்கமோ எங்கே நடந்தது என்று சொல்லுங்கள். ஆண்டுக்கொருமுறை மாணவர் நடத்தும் நினைவஞ்சலிக்கு எங்களையும் அழையுங்கள். மேசையில் கிடப்பவரைக் கைத்தொலைபேசியில் படமெடுக்க எவரையும் விடக் கூடாது.

உடலை விற்பதில்லை, வாங்குவதில்லை. எங்கள் மேல் பரிசோதனை செய்து பழகுபவரிலும் பார்க்க, நாங்கள் தந்த உடலில் படித்து வரும் வைத்தியர் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும்.

தீவக உறவுகளே, கையொப்பமிட முன் வீட்டாரோடு இருந்து கதையுங்கள். படிவத்தின் பிரதியை எல்லாரும் அறிந்த இடத்தில் வையுங்கள். உடலை ஏற்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே தீர்மானித்து விடுங்கள்.