கேஷ் நம்ம காசு இல்லை, இன்னொரு கேஷ் இருக்கிறது

குடும்பக் குழுவில் மாமா மறுபடியும் அனுப்பியிருந்தார், ‘ஆங்கிலேயனுக்குத் தமிழன் கொடுத்த சொற்கள்’. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி வரைக்கும் சரி. அப்புறம் வருகிறது காசு. வங்கியிலும் பில்லிலும் இருக்கிற ‘கேஷ்’ அதிலிருந்துதான் பிறந்ததாம். பிறக்கவில்லை.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷின் பாட்டி, லத்தீனில் பெட்டிக்குப் பெயரான ‘காப்ஸா’. அது இத்தாலியில் ‘காஸ்ஸா’ ஆகி, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனது. அங்கே முதலில் பணப்பெட்டியும் கேஷ், உள்ளே கிடந்த பணமும் கேஷ். பெட்டி எப்படிங்க பணமாகும் என்று கேட்பவர்கள் தெருமுனை மளிகைக்கடைக்குப் போகலாம். கல்லா என்பதும் பெட்டிதான். ஆனால் ‘செம கல்லா’ன்னு சொல்லும்போது யாரும் பெட்டியைப் பத்திப் பேசுறதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான் கேஷியர். (ராணுவ அதிகாரியைப் பதவியிலிருந்து துரத்துவதற்கும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அது வேறு குடும்பம். அதையும் நம்ம கணக்கில் எழுதிவிடாதீர்கள்.)

தப்பான தகவல் என்பதைவிட, அது மறைத்துவிடுகிற நிஜக் கதைதான் எனக்கு எரிச்சல். ஆங்கிலத்தில் இன்னொரு ‘கேஷ்’ இருக்கிறது. அதே எழுத்து, வேறு பிறப்பு. அது நிஜமாகவே நம்முடையது. நம் காசு போர்த்துகீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆனது. அவர்கள் மொழியில் காய்ஷா என்றால் ஏற்கெனவே பெட்டி. குழப்பம் அங்கேயே ஆரம்பம். அதைத்தான் ஆங்கிலேயர்கள் கேஷ் என்று எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் கும்பெனிக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பிறகு இந்தச் சொல் கடல் தாண்டியது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனத்துச் செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் கேஷ் என்றே பெயர்; நாணயம் சேகரிப்பவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சீனக்காரர் காசுக்குத் தமிழ்ப் பேர்! 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலேயே இந்தக் காசின் கதை இருக்கிறது. ஒரு ஃபார்வர்டிலும் நான் பார்த்ததில்லை.

‘பெருமைக்குத்தானே சொல்றாங்க, என்ன போச்சு?’ என்பார்கள். போகிறது. வெளியாள் ஒருவர் அகராதியைத் திறந்து ரொக்கக் கேஷைப் பார்த்துச் சிரித்துவிட்டால், அடுத்து நாம் சொல்லும் கட்டுமரத்தையும் நம்ப மாட்டார். கையில் நல்ல காசு இருக்கும்போது கள்ளக்காசை ஏன் நீட்ட வேண்டும்?

இதையெல்லாம் குழுவில் பொறுமையாக எழுதிப் போட்டேன். மாமா ஒரு கும்பிடு போட்டார். மறுநாள் காலை அதே பட்டியல், இந்த முறை பூங்கொத்துப் படத்தோடு.