பேக்கப் இருக்கிறது, சரி... அந்த ஒரு கோப்பு எங்கே?

"பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான். "அதெல்லாம் தினமும் ராத்திரி தானா ஓடிடும் சார்!" சரி, அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "போன வாரம் அழிந்துபோன ஒரே ஒரு எக்ஸெல் கோப்பை இப்போது எடுத்துத் தர முடியுமா?" முதல் கேள்விக்கு வந்த வேகம் இதற்கு வராது. ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பார். அவர் லீவில் இருக்கும் மூன்றாமவருக்கு போன் போடுவார்...

இது கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்களின் தலைவலி, காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் அழிவது பெரும்பாலும் யாருடைய கோப்பு? கணக்குப் பிரிவின் கோப்புதான். ஆடிட்டர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கப் போவதும் கணக்குப் பிரிவுதான்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். இன்று பல நிறுவனங்களின் கணக்கு, சம்பளப் பட்டியல், ஜி.எஸ்.டி. விவரம் எல்லாம் அலுவலக மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் சர்வரில் இல்லை. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மாதிரி நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் மெஷினில் இருக்கின்றன. அங்கே பேக்கப் என்றால் பெரும்பாலும் அந்த மெஷினின் வட்டு முழுவதையும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நகலெடுத்து வைப்பது. மெஷினே போனால் இந்த நகலை வைத்து மெஷினையே திரும்ப உருவாக்கலாம். அருமையான வசதி, சந்தேகமில்லை.

ஆனால் மெஷின் முழுவதும் போவது அபூர்வம். அன்றாடம் நடப்பது வேறு. யாரோ ஒருவர் தவறான கோப்பை அழிப்பார், அல்லது பழைய கோப்பைப் புதியதன் மேல் சேமித்துவிடுவார். செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு இது தெரிய வருகிறது, கடைசி பேக்கப் அன்று அதிகாலை 1 மணிக்கு எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு மெஷினையும் அந்த 1 மணி நிலைக்குக் கொண்டுபோனால் கோப்பு கிடைத்துவிடும். ஆனால் அன்று காலையிலிருந்து எல்லோரும் போட்ட வவுச்சர், இன்வாய்ஸ் அத்தனையும் போய்விடும்! ஒரு கோப்பைக் காப்பாற்ற ஒரு நாள் வேலையைப் பலி கொடுப்பதை எந்த முதலாளி ஒப்புக்கொள்வார்?

எனவே பேக்கப்பைத் தனி வட்டாகப் பக்கத்தில் திறந்து, தேவையான கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மூடிவிட வேண்டும். இதற்கு வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் அஷ்யூரில் தேவையான நாளின் பேக்கப்பைத் தேர்ந்தெடுத்தால் ஒரு ஸ்கிரிப்டும் ஒரு கடவுச்சொல்லும் கிடைக்கும். அதை ஓட்டினால் அந்த நாளின் வட்டு புதிய டிரைவாக வந்து நிற்கும். 12 மணி நேரத்துக்குள் வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். அமேசானில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து புதிய வட்டு ஒன்றை உருவாக்கி, வேறொரு மெஷினில் இணைத்து எடுப்பது பழைய வழக்கம். தேடி எடுக்கும் வசதியை 2024 டிசம்பரில்தான் அமேசான் தன் பேக்கப் சேவையில் சேர்த்தது.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? சிக்கல் முன்னேற்பாட்டில்தான். கோப்பு தொலைந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் சங்கதிகள் இவை:

1. அனுமதி யாரிடம்? பேக்கப் எடுக்கும் அனுமதி வேறு, மீட்கும் அனுமதி வேறு. மீட்கும் அனுமதி ஒரே ஆளிடம் இருந்து அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் முடிந்தது கதை.

2. எந்த மெஷினில் திறப்பது? விண்டோஸோ லினக்ஸோ, மூல மெஷினோடு ஒத்துப்போகிற பதிப்பு வேண்டும். பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் அமைப்பு இருந்தால் அஷ்யூரில் ஸ்கிரிப்டை அதே மெஷினில் ஓட்டக்கூடாது, வேறு மெஷினில்தான் ஓட்ட வேண்டும். அமேசானில் புதிய வட்டும் அதை இணைக்கும் மெஷினும் ஒரே மண்டலத்தில் இருக்க வேண்டும்.

3. வலைப்பின்னல் வழி திறந்திருக்கிறதா? அஷ்யூர் ஸ்கிரிப்டுக்கு 3260 என்ற போர்ட் வழியாக வெளியே போக வேண்டும். பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கும் மெஷினில் அது அப்படியே நின்றுவிடும்.

4. சாவி எங்கே? வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் சாவி இல்லாமல் பேக்கப் வெறும் குப்பை. அமேசானில் ஒரு சாவியை அழிக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் வரை காத்திருப்புக் காலம் உண்டு. அது தாண்டினால் யார் தலைகீழாக நின்றாலும் திரும்பாது.

5. எத்தனை நாள் நகல் இருக்கிறது? அஷ்யூரின் வழக்கமான கொள்கையை மாற்றாமல் விட்டால் தினசரி நகல் 30 நாள்தான். மார்ச்சில் அழிந்த கோப்பை ஆடிட்டர் செப்டம்பரில் கேட்டால்? மாத நகல், வருட நகல் வைக்கும் வசதி அங்கேயே இருக்கிறது. ஆனால் யாராவது தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

6. ஒரு கோப்பு போதுமா? கணக்கு மென்பொருள்கள் பலவற்றில் ஒரு கம்பெனியின் தரவு பல கோப்புகளாக இருக்கும். அதில் ஒன்றை மட்டும் பழைய நாளிலிருந்து கொண்டுவந்து வைத்தால் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. ஃபோல்டர் முழுவதையும் தனி இடத்தில் எடுத்து, திறந்து பார்த்து, அப்புறம்தான் உரிய இடத்தில் வைக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஒரு தாளில் எழுதி, ஒருமுறை செய்து பார்த்தால் போதும். செய்து பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிட்லேப் நிறுவனமே ஒரு உதாரணம். மென்பொருள் எழுதுகிறவர்களே பயன்படுத்தும் தளம் அது, விவரம் தெரியாதவர்கள் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். ஐந்து விதமான பேக்கப், நகல் ஏற்பாடுகள் இருப்பதாக நினைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் எதுவும் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல அனுப்பிய மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன! வேறொரு வேலைக்காக ஒருவர் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அப்படியும் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான், தளம் மீண்டு வர மறுநாள் ஆகிவிட்டது. நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்கே எழுதிவைத்தார்கள் என்பதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி நம்மூர் சட்டத்துக்கு வரலாம். கம்பெனிகள் (கணக்குகள்) விதிகள், 2014-இன் 3-ஆம் விதி மின்னணுக் கணக்குப் புத்தகங்களைப் பற்றியது. 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு, இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும் என்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். அதே விதி, பதிவுகள் எந்நேரமும் அணுகிப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும், அவற்றைச் சேமிக்கவும் மீட்டெடுக்கவும் முறையான ஏற்பாடு வேண்டும் என்றும் சொல்கிறது. இதைத்தான் யாரும் படிப்பதில்லை. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் எட்டு வருடம், இன்னொரு பக்கம் யாரும் தொடாமல் விட்ட 30 நாள் கொள்கை. எங்கேயாவது பொருந்துகிறதா?

"க்ளவுட் கம்பெனிக்குத்தான் மாசாமாசம் காசு கொடுக்கிறோமே, அவங்க பார்த்துக்க மாட்டாங்களா?" என்று சிலர் கேட்பார்கள். மாட்டார்கள். வட்டு ஓடுகிறதா என்று பார்ப்பது அவர்கள் பொறுப்பு. அதில் எந்த நாளின் நகல் வேண்டும், யார் திறக்கலாம் என்பதெல்லாம் வாடிக்கையாளர் பொறுப்பு. லாக்கரை வாடகைக்குக் கொடுக்கிற வங்கி, உள்ளே நகை இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொரு எதிர்வாதம் நியாயமானது. பேக்கப்பைத் திறக்கத் தெரிந்தவர் எல்லோருடைய சம்பளத்தையும் பார்த்துவிடலாமே? உண்மைதான். அதற்கான மருந்து காமர்ஸ் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பணத்தை வாங்குகிறவரும் கணக்கில் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று உள்கட்டுப்பாட்டில் படிக்கிறோமே, அதே விதிதான். கோப்பைக் கேட்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர், எடுத்துக் கொடுப்பவர் ஒருவர். மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கல்லாவில் உள்ள பணத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எண்ணிப் பார்ப்பது ஆடிட்டில் பழைய வழக்கம். புத்தகத்தில் ரொக்கம் 50,000 என்று எழுதியிருப்பதை யாரும் அப்படியே நம்புவதில்லை, எண்ணித்தான் பார்க்கிறார்கள். பேக்கப் ரிப்போர்ட்டில் "வெற்றி" என்று பச்சையாக எழுதியிருப்பதை மட்டும் ஏன் எண்ணாமல் நம்ப வேண்டும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பிரிவே ஏதாவது ஒரு கோப்பின் பெயரையும் ஒரு தேதியையும் சொல்லட்டும். தொழில்நுட்பப் பிரிவு அதை மீட்டுத் தரட்டும். எத்தனை நிமிடம் ஆனது, உள்ளே எண்கள் சரியாக இருந்தனவா, யார் செய்தார் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். செலவு என்று பார்த்தால் அரை நாள் வேலை, ஒரு சின்ன மெஷினின் சில மணி நேர வாடகை.

படித்து முடித்து ஆடிட் அலுவலகங்களுக்குப் போகப் போகிற நண்பர்களே, கேள்விப் பட்டியலில் "பேக்கப் எடுக்கப்படுகிறதா?" என்ற வரியைப் பார்த்தால் டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கீழே இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "கடைசியாக ஒரு கோப்பை மீட்ட தேதி என்ன?" அந்தக் கட்டம் காலியாக இருந்தால், பேக்கப் இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை என்றுதான் பொருள்.