குறுக்கு ஒடிந்தது யாரால்?

“இடுப்புவலிக்குமா சாதி பார்ப்பீர்கள்?” என்று ஒரு முற்போக்கு நண்பர் கேட்டார். பார்க்கத்தான் வேண்டும். வலி எல்லோருக்கும் வரும். கல்லாவில் உட்கார்ந்தவருக்கும் வரும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவருக்கும் வரும். வலி வந்தபின் எவர் படுக்கலாம், எவள் மறுநாள் விடியுமுன் மறுபடியும் சேற்றில் இறங்க வேண்டும் என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது.

தஞ்சை வட்டாரத்துச் சேரியில் பிறந்தவள் நான். பதினாலு வயசில் நாற்றுமுடியைக் கையில் எடுத்தேன். குலவைச் சத்தத்தை ரசித்துக் கதை எழுதியவர்களுக்குக் குலவை போடுகிறவளின் முதுகு தெரிந்ததில்லை. காலையில் குனிந்தால் கஞ்சிக்குத்தான் நிமிரணும். நட்டுக்கொண்டே பின்னால் போகணும். நடுவில் ஒருத்தி நிமிர்ந்தால் வரப்பில் குடையோடு நிற்கிறவர் குரல் வரும்: “ஏய், அங்க என்னடி வேடிக்கை?” எங்கம்மா ராத்திரி படுக்கும்போது, “குறுக்கு ரெண்டாப் பொளந்து போச்சுடி, கொஞ்சம் ஏறி மிதி” என்று சொல்லும். தங்கச்சியும் நானும் மாறி மாறி மிதிப்போம். அதுதான் எங்கள் வைத்தியம்.

மணிக்கணக்கில் குனிந்தே இருந்தால் முதுகுத் தசை ஓய்ந்துவிடுகிறது. பாரம் முழுக்கத் தசைநார்களிலும் எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுகளிலும் இறங்குகிறது. பளு தூக்குவது, ஓய்வில்லாமல் ஒரே அசைவைச் செய்வது இரண்டும் இதோடு சேர்கின்றன. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். எங்கள் தெருவில் அது மூன்று தலைமுறை நாள்பட்டது.

வலிக்கு நான் போன இடங்களைச் சொல்கிறேன். மெடிக்கலில் “ஒரு செட்டு மாத்திரை” கொடுத்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை. வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும். வெயிலில் தண்ணியில்லாமல் வேலை செய்கிறவளுக்குச் சிறுநீரகமும் கெடும். ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, “எல்-4, எல்-5 தேய்மானம், சவ்வு விலகியிருக்கு” என்று பயமுறுத்தினார்கள், 900 ரூபாய்க்கு ஒரு பெல்ட்டும் விற்றார்கள். “இனிமே குனியாதீங்கம்மா” என்றார் டாக்டர். “குனியாம சோறு எப்படிங்கய்யா?” என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொருவர் நீச்சல் அடிக்கச் சொன்னார். எந்தக் கிணற்றில் என்று அவர் சொல்லவில்லை.

அந்த மருத்துவ விஞ்ஞானமே இன்று என்ன சொல்கிறது என்று தோழர்கள் படிக்க வேண்டும். 2020 இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள் என்கிறது ஒரு பெரிய ஆய்வு. இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று காரணம் காட்ட முடியாது. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் வட்டுத் தேய்மானம் தெரியும் என்று 2015 இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. எண்பது வயதில் அது 96 சதவீதம். நரை தெரிகிற மாதிரி தேய்மானமும் தெரிகிறது. அதைக் காட்டி ஆபரேஷனுக்குக் காசு கேட்பது வியாபாரம். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியையும், வலியைப் பற்றி விளக்கிச் சொல்வதையும் முன்னால் வைக்கிறது. பெல்ட் கட்டுவது, இழுவை கொடுப்பது இரண்டும் வழக்கமான வைத்தியமாக வேண்டாம் என்கிறது. படுத்தே கிடந்தால் வலி கூடும். முடிந்த அளவு நடமாடுவதே நல்லது.

பத்தில் மிச்சமுள்ள அந்த ஒருவரைக் கைவிடக்கூடாது. இடுப்புவலியோடு சாயங்காலக் காய்ச்சலும் உடல் இளைப்பும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். காசநோய் நெருக்கடியான வீட்டையும் பட்டினியையும் தேடி வருகிற நோய். கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு உணர்விழந்தாலோ, மூத்திரம் தன்னால் போனாலோ, வராமல் அடைத்தாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இதை எழுத்தறியாத நம் பெண்களுக்குச் சொல்ல எந்த அரசு சுவரொட்டி இருக்கிறது?

இடுப்புவலி என்று போன பெண்ணுக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவதும் இந்த நாட்டில் நடக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பை இழந்திருந்தது 2019 இல் அரசுக் குழுவின் கணக்கெடுப்பில் வெளிவந்தது. வயிற்றுவலி, வெள்ளைப்படுதல், இடுப்புவலி என்று போனவர்கள். லீவு போட்டால் மேஸ்திரி அபராதம் பிடிப்பான் என்ற பயத்தில் அறுத்துக்கொண்டவர்கள். அதற்குப் பிறகும் கரும்புக்கட்டைத் தலையில் வைத்தவர்கள்.

“பயிற்சி செய்யுங்கள்” என்பது சரியான வைத்தியம்தான். ஆனால் நாள் முழுக்க ஒடிகிற உடம்புக்கு ராத்திரி பத்து நிமிடப் பயிற்சி போதாது. முறத்தை மாற்றாமல் அரிசியைத் திட்டிப் பயனில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சத்துக் கூலிகள் குட்டைக் காம்பு மண்வெட்டியால் குனிந்தே களை வெட்டினார்கள். நீளக் காம்பு பயிரைக் கெடுக்கும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். எவன் நிமிர்ந்தான் என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கவும் குட்டைக் காம்பு வசதியாக இருந்தது. மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள், தொழிலாளிகள் போராடினார்கள், 1975 இல் அந்தக் கருவி தடை செய்யப்பட்டது. விவசாயம் ஒன்றும் அழிந்துவிடவில்லை. காம்பு நீண்டது, முதுகு நிமிர்ந்தது.

இங்கே? தெருக்கூட்டும் நம் அக்காக்களின் கையில் இன்னும் குட்டைத் துடைப்பம். 1948 ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் தொழில்நோய் என்று 29 நோய்களைப் பட்டியலிட்டது. ஈயம், பாதரசம், சிலிக்கோசிஸ் எல்லாம் இருந்தன. ஒடிந்த முதுகு இல்லை. வயலோ தொழிற்சாலையே இல்லை. 1946 இல் தொழிற்சாலை வேலை வாரத்துக்கு 48 மணி நேரமாகக் குறைந்தபோது தொழிலாளர் துறை அம்பேத்கர் பொறுப்பில் இருந்தது. அந்தக் கணக்கு சேற்றுக்குள் இறங்கவே இல்லை. நடவு இயந்திரம் வந்ததே என்பார்கள். வந்தது; குனிவைக் கொஞ்சம் குறைத்தது, கூலியை அதைவிட அதிகமாகக் குறைத்தது. இயந்திரம் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது தைலம் இல்லை. நின்றுகொண்டே களை எடுக்கும் கருவியும் நடவு இயந்திரமும் தலித் பெண்கள் கூட்டுறவின் பேரில் வேண்டும். தூய்மைப் பணியாளருக்கு நீளக் காம்புத் துடைப்பம் வேண்டும். மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நிற்கக் கூலி பிடிக்காத உரிமை வேண்டும். மூட்டைக்கு எடை வரம்பு வேண்டும். ஒரு ஆண் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967 லேயே பரிந்துரைத்தது. முதுகுவலி தொழில்நோயாக அறிவிக்கப்பட வேண்டும். 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு. அது நம் தெருவுக்கு வருகிறதா என்று சங்கம் வைத்து, எண்ணி வாங்க வேண்டும்.

ஆண்டை முன்னால் குனிவதை நம் பெரியவர்கள் சண்டை போட்டு, உயிர் கொடுத்து நிறுத்தினார்கள். வயிற்றுக்காகக் குனிகிற குனிவு பாக்கி இருக்கிறது. அதற்கு டாக்டர் மட்டும் மருந்து எழுதித் தர முடியாது.